ஐக்யூ மார்க் இல்லீங்க, அது நூத்துக்குப் போடறதும் இல்ல

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், இந்த வாரம் வந்த கேசுக்கு அப்பறம் தள்ளிப்போட மனசு வரல. புத்திக்கூர்மையை அளக்கற டெஸ்ட்ல வர்ற நம்பர்தான் ஐக்யூ. அது 100ன்னா நூத்துக்கு நூறு இல்ல. 88ன்னா நூத்துக்கு 88 இல்ல. 104 வந்தா "நூறையே தாண்டிட்டானே மேடம்"னு ஸ்வீட் பாக்ஸோட வர்றதுக்கும் அதுல ஒன்னுமில்ல.

வந்தவன் ஆறாம் கிளாஸ் பையன், பாபநாசம் பக்கம், அப்பாவுக்கு வெத்தலைக் கொடிக்கால்ல வேலை. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்தியிருக்கேன்.) எங்கயோ டெஸ்ட் பாத்து, லெட்டர்பேடுல "ஐக்யூ 88"னு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருக்காங்க. அப்பா அதை மார்க்குன்னு எடுத்துகிட்டாரு. இவ்ளோ மூளை இருந்தும் படிக்கலன்னா திமிருதானேன்னு அடி. முட்டிக்குக் கீழ வரி வரியா தடிச்சிருந்துச்சு. போன மாசம் மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு, அதுக்கும் அதே 88தான். அவங்க ஸ்கூல்ல "நூறு கூட வரல, எங்களால முடியாது, டிசி வாங்கிக்குங்க"ன்னுட்டாங்க. எட்டாவது முடியற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் ஸ்கூலை விட்டு அனுப்பக்கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு, அது அந்த ஸ்கூலுக்குத் தெரியாதா? ஒரே நம்பர், ஒருத்தனுக்கு அடி, ஒருத்திக்கு டிசி.

திரும்பத் திரும்ப சொல்றேன்னு நினைக்காதீங்க, இதைப் புரிஞ்சுகிட்டா போதும். 100ங்கறது சராசரி. ஒரே வயசுப் பிள்ளைங்க நிறைய பேருக்கு டெஸ்ட் வச்சு, அவங்களோட சராசரி எதுவோ அதுக்கு 100ன்னு பேர் வச்சிருக்கோம், அவ்ளோதான். நூறு பேர் எடுத்தா சுமார் 68 பேர் 85க்கும் 115க்கும் நடுவுல இருப்பாங்க. 130க்கு மேல ரெண்டு பேர், 70க்குக் கீழ ரெண்டு பேர். பாதிப் பேர் 100க்குக் கீழ இருந்துதான் ஆகணும், ஏன்னா கணக்கே அப்படித்தான் போட்டிருக்கு. 88ன்னா அவன் வயசுப் பிள்ளைங்க நூறு பேரை வரிசையா நிக்க வச்சா அவனுக்குப் பின்னாடி இருபது பேர் சொச்சம் நிப்பாங்கன்னு அர்த்தம். 85க்கும் 115க்கும் நடுவுல நிக்கற அந்தப் பெரிய கூட்டத்துக்குள்ளதான் அவனும் இருக்கான். இதுல பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல.

1905ல பாரிஸ்ல ஆல்ஃபிரட் பினே இந்த டெஸ்ட்டை உண்டாக்கினதே, கிளாஸ்ல யாருக்குக் கூடுதல் உதவி வேணும்னு கண்டுபிடிக்கத்தான். பிள்ளைக்குப் புத்தி இவ்ளோதான், இனிமே ஏறாதுன்னு பேசினவங்களை அவரே எதுத்திருக்காரு. அவருக்கு அப்பறம் 1912ல வில்லியம் ஸ்டெர்ன்ங்கற ஜெர்மன் சைக்காலஜிஸ்ட், மனவயசை (எந்த வயசுப் பிள்ளை அளவுக்கு டெஸ்ட்டைச் செய்யறாங்கறதை) நிஜ வயசால வகுத்து ஒரே நம்பரா ஆக்கினாரு. இப்ப வர்ற புது டெஸ்ட்ல அந்த வகுத்தல் கிடையாது, ஆனா நம்ம பக்கம் இன்னும் ஓடற பினே-காமத் டெஸ்ட்ல அதுதான். அது 1930கள்ல கன்னடமும் மராத்தியும் பேசற பிள்ளைங்களை வச்சு உருவாக்கினது. பழைய அளவுகோல்ல இப்பத்திப் பிள்ளைங்களுக்கு நம்பர் கொஞ்சம் தாராளமாவே வரும், பத்து வருஷத்துக்கு சுமார் 3 பாயின்ட்னு ஜேம்ஸ் ஃப்ளின்ங்கற ஆராய்ச்சியாளர் காட்டியிருக்காரு. அதனால எந்த டெஸ்ட், எந்த வருஷத்து அளவுகோல்னு எழுதாத ரிப்போர்ட்டை நான் ரிப்போர்ட்டாவே எடுத்துக்கறதில்ல. என்னை மாதிரி டெஸ்ட் வைக்கற சைக்காலஜிஸ்டுங்களுக்கும் இதைச் சொல்றேன், தயவுசெஞ்சு வெறும் நம்பரை எழுதிக் குடுக்காதீங்க, வீட்ல அது பிரம்பாயிடுது.

இன்னொன்னு, எந்த டெஸ்ட்லயும் சில பாயின்ட் முன்னப்பின்ன இருக்கும். காய்ச்சலோட வந்தா, காலையில சாப்பிடாம வந்தா, புது ஆளைப் பாத்து மிரண்டா இன்னும் குறையும். கொள்முதல் நிலையத்துல நெல்லு ஈரப்பதம் 17க்கு மேல காட்டினா விட்டுட்டு வந்துடுவீங்களா, வேற மூட்டையில எடுத்து வச்சுப் பாருன்னு நின்னு சண்டை போடறீங்கல்ல, பெத்த பிள்ளைக்கு மட்டும் முகாம்ல அரை மணி நேரத்துல சொன்ன நம்பரை மறுபேச்சில்லாம வாங்கிட்டு வர்றீங்களே. ஆனா நம்பர் பிடிக்கலன்னு அதே டெஸ்ட்டை அடுத்த வாரமே வேற இடத்துல வைக்காதீங்க, பழக்கத்துலயே ஏறிடும், அந்த ரிசல்ட் யாருக்கும் உதவாது. டெஸ்ட்ல என்ன கேப்போம்னு இங்க எழுத மாட்டேன். யூடியூப்ல பாத்து சொல்லிக்குடுத்து கூட்டிட்டு வர்றவங்களும் இருக்காங்க, நஷ்டம் உங்க பிள்ளைக்குத்தான்.

அந்தப் பையன்ட்ட வர்றேன். ஆட்டுக்குட்டி வாய்க்கால்ல விழுந்த ஒரு சின்னக் கதையை நான் வாசிச்சேன். கேட்டுட்டு ஒரு விஷயம் விடாம திருப்பிச் சொன்னான். சொல்லிட்டு "மடை தொறந்திருந்துச்சா டீச்சர், தண்ணி இழுத்துட்டுப் போயிருக்குமே"ன்னு கேட்டான், கதையில அது கிடையாது. அதே நீளத்துல இன்னொரு கதையை அவனையே படிக்கச் சொன்னேன். "கொக்கு"ல ஒத்தைக் கொம்புக்கும் காலுக்கும் நடுவுல மாட்டி "கெ... கெக்கா"ன்னான். "பாடம்" "படம்" ஆச்சு. "நண்டு" வந்த இடத்துல எழுத்தை விட்டுட்டு பக்கத்துல இருந்த படத்தைப் பாத்து ஊகிச்சான். நாலு வரிக்குள்ள நெத்தி வேர்த்துடுச்சு, ஆள்காட்டி விரலை பேப்பரை விட்டு எடுக்கவே இல்ல. முழுசா பாத்ததுல வாசிப்பும் எழுத்தும் அவன் கிளாஸுக்கு ரொம்பக் கீழ, கேட்டுப் புரிஞ்சுக்கறது வயசுக்கு சரியா, வேகமா எழுத வேண்டிய பகுதியில மட்டும் பெரிய சரிவு. எல்லாத்தையும் கூட்டினதுலதான் 88. கண்ணு காது ரெண்டும் சரியா இருக்கு, ஒழுங்கா ஸ்கூலுக்கும் போயிருக்கான். இது டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிக்கறதுலயும் எழுதறதுலயும் வர்ற கற்றல் குறைபாடு. அடிச்சா போகாது, ஐக்யூ கம்மியானதால வர்றதும் இல்ல, நல்லா மேல நம்பர் வர்ற பிள்ளைங்களுக்கும் வரும்.

ஒன்னு கவனிக்கணும், நம்ம பேச்சுல மழையும் "மள"தான், அதை வச்சு டிஸ்லெக்சியான்னு பயப்படாதீங்க. வாசிக்கும்போது எழுத்தை விட்டுவிட்டுப் போறது, ஒரே வார்த்தையை ஒவ்வொரு வரியிலயும் வேற மாதிரி வாசிக்கறது, போர்டைப் பாத்து எழுதி முடிக்கவே முடியாம போறது, இதுதான் பாக்க வேண்டியது. பொதுவா எட்டு வயசுக்கு முன்னாடி முடிவா சொல்ல மாட்டோம்.

70க்குக் கீழ வந்துட்டாலும் அந்த நம்பரை மட்டும் வச்சு அறிவுசார் குறைபாடுன்னு எழுத முடியாது. தானா குளிச்சு சட்டை போட்டுக்கறானா, கடைக்குப் போனா மீதிச் சில்லறையை எண்ணி வாங்கறானா, வயசுப் பிள்ளைங்களோட சேந்து விளையாடறானா, இதெல்லாம் அதே அளவுக்கு முக்கியம். வீட்ல இதையெல்லாம் கேக்காம சர்டிஃபிகேட் தர்றேன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

பிள்ளை படிக்கலன்னா முதல்ல காது, கண்ணு பாருங்க. கடைசி பெஞ்சுல உக்காந்து போர்டே தெரியாம ரெண்டு வருஷமா மக்குன்னு பேர் வாங்கின பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன். ரத்தம் கம்மியா, தைராய்டு இருக்கா, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குது, இதெல்லாம் டாக்டர்ட்ட ஒரு தடவை காட்டினா தெரிஞ்சுடும். டெஸ்ட் வைக்கறவங்க கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கான்னு கூச்சப்படாம கேளுங்க, நாங்க கோச்சுக்க மாட்டோம். ஃபோன்ல வர்ற பத்துக் கேள்வி ஐக்யூ டெஸ்ட் வேண்டாம். கண்ணைக் கட்டிட்டு படிக்க வைக்கறோம், மிட்பிரெய்னை (நடுமூளையை) ஆக்டிவேட் பண்றோம்னு ஆயிரக்கணக்குல வாங்கறாங்களே, பிள்ளை மூக்கோரத்து இடுக்கு வழியாத்தான் பாக்குது, அந்தக் காசுல கண்ணாடி வாங்கிக் குடுங்க. அப்பறம், கெஞ்சிக் கேக்கறேன், அந்த நம்பரைப் பிள்ளை காதுபட சொல்லாதீங்க, சொந்தக்காரங்க முன்னாடி சுத்தமா வேண்டாம்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் குறைபாடும் வருது. பத்தாவது, பிளஸ் டூ பரீட்சையில கூடுதல் ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள், மொழிப்பாட விலக்குன்னு சலுகை இருக்கு. வட்டார வள மையத்துல சிறப்பு ஆசிரியர் இருப்பாங்க, பணம் கட்டத் தேவையில்ல. சர்டிஃபிகேட்டுக்குத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போறது தூரம்னு பாக்காதீங்க, பெரும்பாலும் ஒரு நாள்ல முடியாது, ரெண்டு மூணு தடவை அலைய வேண்டியிருக்கும். சர்டிஃபிகேட் வாங்கி ஹெட்மாஸ்டர் வழியா விண்ணப்பிக்கணும். ஹால் டிக்கெட் வந்ததுக்கு அப்பறம் ஓடி வந்தா என்னால ஒன்னும் செய்ய முடியாது, ஒன்பதாவது படிக்கும்போதே வந்துடுங்க.