அம்பு போன பிறகும் கை ஏன் அசையக்கூடாது?

வில்வேட்டை பழகத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அம்புதான் போய்விட்டதே, அதன் பிறகும் வில்லைப் பிடித்த கையை இறக்காதே என்கிறார் பயிற்சியாளர். போன அம்பைத் திருத்தவா முடியும்?" முடியாது. ஆனாலும் பயிற்சியாளர் சொல்வது சரி.

அடிப்படைகள் எளியவை. வில்லைப் பிடித்த கையின் எலும்புகள் நேர்கோட்டில் நின்று பாரத்தைத் தாங்க வேண்டும். நாணை இழுத்து வைத்திருப்பது முதுகுத் தசைகளின் வேலை. இழுத்த கை ஒவ்வொரு முறையும் முகத்தில் அதே இடத்தில் படிய வேண்டும். 70 செ.மீ. அம்பின் பின்முனை 1 மி.மீ. விலகினாலே 20 மீட்டரில் ஏறத்தாழ 3 செ.மீ. தவறும், பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணக் கணக்குதான்.

என்னை வியக்க வைப்பது நாணை விடும் கணம். நாண் அரை மீட்டர் பாய்ந்து, அம்பு நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொள்வோம். அம்பு நாணோடு இருக்கும் நேரம் 0.02 நொடிக்கும் குறைவு. நாம் ஒன்றை உணர்ந்து எதிர்வினையாற்ற ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். ஆகவே, விட்டதை உணர்ந்த பிறகு கை செய்யும் எதுவும் அம்பைத் தொடாது. குறியைக் கெடுப்பது, விடுவதற்கு முன்பே தொடங்கிவிடும் அசைவு.

உள்ளங்கையில் கனமான புத்தகம் ஒன்றை ஏந்துங்கள். இன்னொருவர் அதைச் சட்டென்று எடுத்தால் உங்கள் கை மேலே துள்ளும். நீங்களே மறுகையால் எடுத்தால் துள்ளாது. மூளை ஒரு கைக்கு 'எடு' என்று கட்டளையிடும்போதே, ஏந்திய கைக்குத் 'தளர்' என்றும் சொல்லிவிடுகிறது; பாரம் நீங்கட்டும் என்று அது காத்திருப்பதில்லை. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! வில்லாளிக்கோ இதுவே பகை. 'இதோ விடப்போகிறேன்' என்று முடிவெடுத்ததும், வரப்போகும் அதிர்வுக்காகத் தோளும் மணிக்கட்டும் தயாராகின்றன. அம்போ இன்னும் நாணில் இருக்கிறது.

எனவே அந்தக் கணத்தை மூளையிடமிருந்து மறைக்க வேண்டும். தோள்பட்டை எலும்புகள் ஒன்றையொன்று நெருங்கும்படி முதுகை மெல்ல இறுக்கிக்கொண்டே போனால், நாண் தானாகக் கழன்றதுபோல் விடுபடும். அம்பு தைக்கும்வரை கையை இறக்குவதில்லை என்று உறுதியாக இருந்தால், 'இறக்கு' என்ற கட்டளையும் முன்கூட்டியே கசியாது.

குறி தவறாமை பிறவி வரம் என்பதையும், ராசியான அம்பு என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. இது நரம்புகளுக்குப் பழக்கித் தரக்கூடியது. குறிப்புள்ளியே இல்லாத பெரிய இலக்கின் முன் சில மீட்டர் தூரத்தில் நின்று, கண்களை மூடி எய்து பழகுங்கள். குறி கண்ணில் படாதபோது 'இப்போது விடு' என்ற அவசரமும் எழாது.

பரண் மேலிருந்து எய்யும்போது கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பை வளையுங்கள். தோள், கை, முகம் மூன்றின் அமைப்பும் மாறாது. விலங்கு எதிரே வந்ததும் நெஞ்சு படபடத்து விரல் முந்தத் துடித்தால், எய்ய வேண்டாம். குறி தவறினால் விலங்கு காயத்தோடு ஓடி வதைபடும். நாணை மெல்லத் தளர்த்திவிட்டு, அமைதியானதும் மறுபடி இழுங்கள்.