தாய்ப்பசுவுக்குச் சத்து, கன்றுக்குட்டிக்கு நஞ்சு: பருத்திக்கொட்டையும் காஸிபாலும்

கன்று இறந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டரை மாதக் கிடாரிக் கன்று. "நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். காலையில அவுத்து விட்டேன், ரெண்டு ஓட்டம் ஓடிச்சு, அப்படியே விழுந்துருச்சு" என்றார் அந்த அம்மா. பாம்பு தீண்டியிருக்குமோ, யாராவது மருந்து வைத்திருப்பார்களோ என்று வீட்டில் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அறுத்துப் பார்த்தபோது நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் மஞ்சளாக நீர் கோத்திருந்தது. இதயம் உப்பித் தளர்ந்து கிடந்தது. கல்லீரலை வெட்டினால் ஜாதிக்காயை நறுக்கியது போல வரிவரியாகத் தெரிந்தது. ஒரே இரவில் இப்படி ஆகாது. பல வாரங்களாகவே அந்த இதயம் திணறியிருக்கிறது. என்ன தீவனம் என்று கேட்டேன். தாய்க்கு ஊறவைத்து ஆட்டுகிற பருத்திக்கொட்டையில் கன்றுக்கும் தினம் ஒரு சொம்பு, பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்தே. "சத்துன்னுதானே டாக்டர் குடுத்தேன்" என்றார்.

சத்துதான், அதில் சந்தேகமில்லை. பருத்திக்கொட்டையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் புரதமும், கிட்டத்தட்ட அதே அளவு எண்ணெயும் இருக்கின்றன. கறவை மாட்டுக்குக் கொடுத்தால் பாலில் கொழுப்பு ஏறுகிறது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் கண்டு சொன்னது, அது உண்மையும்கூட. ஆனால் பருத்திப் பருப்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், கருப்புப் புள்ளிகள் தெரியும். அவை சின்னச் சின்னச் சுரப்பிகள். காஸிபால் என்ற மஞ்சள் நிற நஞ்சு அவற்றில்தான் இருக்கிறது. இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உண்டு. புழுவும் பூஞ்சையும் தன்னைத் தின்னாமல் இருக்கச் செடி வைத்துக்கொண்ட காவல் அது. 1899-இல் மார்ச்லெவ்ஸ்கி என்ற போலந்து வேதியியலாளர் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்துப் பெயரும் வைத்தார்.

அப்படியானால் தாய்ப்பசு மட்டும் எப்படித் தப்பிக்கிறது? அசைபோடும் மாட்டுக்கு உள்ள முதல் இரைப்பையான பெருவயிற்றில் தீவனம் நொதிக்கும்போது காஸிபாலில் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய காஸிபால் இரத்தத்தில் ஏறாமல் சாணத்தோடு போய்விடும். கன்றுக்கு அந்தப் பெருவயிறு இன்னும் முழுதாக வேலைசெய்யத் தொடங்கவில்லை. உள்ளே போவது நேராகக் குடலுக்குப் போய் உடம்பில் ஏறுகிறது, தினம் தினம் சேர்கிறது. வெளியே தெரிவதெல்லாம் கொஞ்சம் மந்தம், தீனியில் விருப்பக் குறைவு, சில சமயம் மூச்சிரைப்பு. பிறகு ஒருநாள் வெயிலிலோ ஓட்டத்திலோ இதயம் நின்றுவிடும். இதற்கு முறிவு மருந்து கிடையாது.

ஊறவைத்தால் நஞ்சு போய்விடும் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். போகாது. காஸிபால் தண்ணீரில் கரையாது. சூட்டில் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் வறுத்த கொட்டையிலும் செக்கில் சூடேறிய பிண்ணாக்கிலும் வீரியம் குறையும். ஆனால் கன்றுக்குக் கொடுக்கும் அளவுக்கு அதை நம்ப முடியாது.

கோழிக்கும் பன்றிக்கும் பெருவயிறே இல்லை, அவற்றுக்கும் ஆகாது. முட்டைக் கோழிக்குக் கொடுத்தால், எடுத்து வைத்த முட்டையின் மஞ்சள்கரு பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும். பொலிகாளையும் பொலிகிடாவும் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: தொடர்ந்து அதிகமாகக் கொடுத்தால் விந்தணு கெடும். சினை நிற்கவில்லை என்று பசுவுக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், காளை என்ன தின்கிறது என்பதையும் பாருங்கள்.

மனிதருக்கும் இது நடந்திருக்கிறது. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் ஒரு கிராமத்தில் ஆண்டுக்கணக்கில் குழந்தையே பிறக்கவில்லை. சுத்திகரிக்காத பருத்தி எண்ணெயில் அவர்கள் சமைத்து வந்ததே காரணம் என்று 1957-இல் ஒரு சீன மருத்துவர் எழுதினார். அதையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக்கலாம் என்று 1970-களில் அங்கே 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கருத்தடையாக நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிக் கைகால் தளர்ந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகும் சிலருக்கு விந்தணு திரும்பவே இல்லை. கடைசியில் கைவிட்டார்கள். கடையில் விற்கிற சுத்திகரித்த பருத்தி எண்ணெயில் காஸிபால் நீக்கப்பட்டிருக்கும், அதைப் பற்றிப் பயம் வேண்டாம்.

நஞ்சில்லாத பருத்தியையே உருவாக்கினால் என்ன? 1950-களிலேயே சுரப்பியே இல்லாத பருத்தி வந்தது. காவல் போனதால் பூச்சிகள் வயலையே மேய்ந்துவிட்டன. பிறகு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ரத்தோர் குழுவினர், விதையில் மட்டும் காஸிபால் உருவாகாமல் மரபணுவை அடக்கும் வழியை 2006-இல் வெளியிட்டார்கள். இலையிலும் தண்டிலும் காவல் அப்படியே இருக்கும். அமெரிக்காவில் 2018-இல் அதைப் பயிரிடவும் 2019-இல் உணவாகவும் தீவனமாகவும் பயன்படுத்தவும் அனுமதி கிடைத்தது. ஒரு கிலோ பஞ்சு விளையும்போது ஒன்றரை கிலோவுக்கு மேல் கொட்டையும் கூடவே விளைகிறது. அத்தனை புரதமும் கோழிக்கும் மீனுக்கும் மனிதருக்கும் போய்ச் சேரலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் இன்று நம் ஊர்க் கடையில் மூட்டையாக வாங்குவது பழைய கொட்டைதான்.

அதனால் நான் போகிற வீடுகளில் சொல்வது இதுதான். பெரிய கறவை மாட்டுக்கு நாளுக்கு ஒரு கிலோவோடு நிறுத்துங்கள், மீதிக்கு வேறு பிண்ணாக்கும் தவிடும் பசுந்தீவனமும் இருக்கட்டும். கன்றுக்கு நான்கு மாதம் வரை பருத்திக்கொட்டையும் வேண்டாம், பருத்திப் பிண்ணாக்கும் வேண்டாம். பூசணம் பிடித்த கொட்டையை யாருக்கும் போடாதீர்கள். விதைப்புக்கு வாங்கி மீந்த, சாயம் ஏற்றிய விதையைத் தொழுவத்துப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதில் பூச்சிமருந்து பூசியிருக்கும், அது வேறு ஆபத்து. அப்புறம், இரும்பு உப்பு சேர்த்தால் காஸிபாலைக் கட்டும் என்று கேள்விப்பட்டு நீங்களாகக் கலக்க வேண்டாம். இரும்பும் அளவு மீறினால் நஞ்சு.

அந்த அம்மாவின் தொழுவத்தில் இன்னொரு கன்றும் இருந்தது, அதற்கும் அதே சொம்புதான். அன்றே கொட்டையை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திய பிறகும் சில வாரங்கள் உயிருக்கு ஆபத்து உண்டு என்பதால், ஓட விடாமல், வெயில் படாமல் நிழலிலேயே கட்டி வைக்கச் சொல்லி, வாரம் ஒருமுறை போய் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டேன். ஆறாவது வாரம்தான் அவிழ்த்து விடச் சொன்னேன். வாசலிலேயே நின்று, அது தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.