வீட்டுக்குப் போனால் திரும்பி வரும் இருமல்

ஜப்பானில் கோடையில் மட்டும் வரும் நுரையீரல் நோய் ஒன்று உண்டு. ஜூன் மாத மழை தொடங்கியதும் இருமல், குளிர் காய்ச்சல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குதல் என்று ஆரம்பிக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பலருக்குப் பெரிய மருந்து எதுவும் இல்லாமலே சில நாட்களில் குறைந்துவிடும். சரி, குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினால் சில மணி நேரத்திலேயே மறுபடி காய்ச்சல். குளிர்காலம் நெருங்கும்போது நோய் தானாக விலகும், அடுத்த கோடையில் திரும்ப வரும். நோயாளிகளில் பெரும்பாலோர் பகலெல்லாம் வீட்டில் இருக்கும் பெண்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு வருவதும் உண்டு.

1980-களில் குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவர்கள் இதன் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். டிரைக்கோஸ்போரான் என்ற பூஞ்சை. பழைய மர வீடுகளில் குளியலறையையும் சமையலறையையும் ஒட்டிய உளுத்த மரத்தில், ஈரமேறிய பாய்களில் அது வளர்ந்துகொண்டிருந்தது. குளிர் மிகுந்த வடகோடித் தீவான ஹொக்கைடோவில் இந்த நோய் காணப்படவில்லை. நோயாளியை வீட்டுக்கு அனுப்பி, நோய் திரும்புகிறதா என்று பார்ப்பதையே ஒரு பரிசோதனை முறையாக ஜப்பானிய மருத்துவர்கள் பயன்படுத்தினார்கள்.

வீட்டுப் பூஞ்சையால் வரும் நோய்கள் ஏன் வருடக்கணக்கில் ஆளை விடாமல் பிடித்துக்கொள்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. மருந்து உடம்புக்குள் வேலை செய்கிறது. நோயைத் தூண்டும் பொருளோ வீட்டில் ஒவ்வொரு நாளும் புதிதாக உற்பத்தியாகிறது. அந்த உற்பத்தியை நிறுத்தாமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் நோயாளிதான் களைத்துப்போவார்.

பூஞ்சைக்கு வேண்டியவை உணவும் தண்ணீரும்தான். உணவுக்குப் பஞ்சமே இல்லை. பெயின்டில் இருக்கும் பசை, மரம், அட்டை, துணி, தோல் செருப்பு, சுவரில் படிந்த தூசு, எல்லாமே அதற்குச் சாப்பாடு. இழை இழையாகப் பரவி, நொதிகளைச் சுரந்து, தான் நிற்கும் பொருளை வெளியிலேயே செரித்து உறிஞ்சிக்கொள்கிறது. வித்துகள் எந்த வீட்டிலும் காற்றில் எப்போதும் உண்டு. அவற்றை ஒழிக்க முடியாது, ஒழிக்கத் தேவையும் இல்லை. ஆகவே வீட்டில் பூஞ்சை வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர் ஒன்றுதான். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம் என்று சொல்வது அதனால்தான். 2005-ல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் நியூ ஆர்லியன்ஸ் வாரக்கணக்கில் ஊறிக் கிடந்தது. பிறகு மாதிரிக்கு எடுத்து ஆராய்ந்த வீடுகளில் 46 சதவீதத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பூஞ்சை இருந்தது.

வெள்ளமோ ஒழுகலோ இல்லாமலும் சுவருக்குத் தண்ணீர் கிடைக்கும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் போதும், சொட்டுத் தண்ணீர் இல்லாமலே பல பூஞ்சைகள் முளைத்துவிடும். காற்று குளிரும்போது அதன் ஈரப்பதம் ஏறுகிறது. சென்னை மாதிரி ஒரு கடலோர ஊரில் அறைக் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் ஒரு சுவர் மட்டும் 29 டிகிரிக்கு இறங்கினாலே, அதை ஒட்டிய காற்று கிட்டத்தட்ட 80-ஐத் தொட்டுவிடும். 25 டிகிரிக்கு இறங்கினால் சுவரில் நீர் கோத்துக்கொள்ளும். ஏசி அறைக்கும் ஏசி இல்லாத அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரில், ஏசி இல்லாத பக்கமாகக் கறுப்புப் புள்ளிகள் வருவதற்கு இதுவே காரணம். குளிரூட்டிய சுவரை அடுத்த அறையின் ஈரக்காற்று வந்து தொடுகிறது. அந்தச் சுவரோடு பீரோவை ஒட்டிப் போட்டிருந்தால் காற்றோட்டமும் போய்விடும். பீரோவைக் கையகலம் முன்னால் இழுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். தூசு படிந்த தகரத்தில் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாக, நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் மெலிந்தும் இருந்தால் அது பூஞ்சைதான்.

இன்னொரு வழி அடியிலிருந்து வருவது. தரையின் ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல் மேலே இழுக்கிறது. இதைத்தான் சுவர் ஓதம் காக்கிறது என்கிறோம். ஓதச் சுவரில் முதலில் தெரிவது பெரும்பாலும் பூஞ்சையாக இருக்காது, உப்பாக இருக்கும். வெள்ளையாகப் பொடிப்பொடியாகப் பூத்து, பெயின்டைச் செதில் செதிலாக உரித்துவிடும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் உப்பு கரைந்துபோகும். பூஞ்சை கரையாது, தேய்த்தால் கறையாக இழுபடும். உப்பால் ஆஸ்துமா வராது. ஆனால் உப்பு பூத்த சுவர் ஈரச் சுவர் என்பதால், அங்கே பூஞ்சை சேர அதிக நாள் ஆகாது.

சுவரில் இருப்பது மூக்குக்குள் எப்படி வருகிறது? ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகாட்டஸ் என்ற பூஞ்சையின் வித்து 2 முதல் 3 மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அளவில் இருப்பதால் மூக்கும் தொண்டையும் வடிகட்டுவதைத் தாண்டி நுரையீரலின் சிற்றறைகள் வரை போய்விடுகிறது. உலர்ந்த பூஞ்சையின் இழைகள் உடைந்து இன்னும் நுண்ணிய துகள்களாகவும் பறக்கின்றன. சோதனைச்சாலை ஆய்வுகளில் இந்தத் துகள்கள் வித்துகளைவிட எண்ணிக்கையில் நூற்றுக்கணக்கான மடங்கு வரைகூட இருந்திருக்கின்றன. பூஞ்சை செத்துவிட்டாலும் அதன் புரதங்களை உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும். ஆகவே மருந்தடித்துக் கொன்றுவிட்டேன், இனி பயமில்லை என்பது ஒவ்வாமைக்காரருக்குப் பொருந்தாது. கொன்றதைத் துடைத்து அகற்றியாக வேண்டும்.

உள்ளே போன பிறகு எல்லோருக்கும் ஒரே நோய் வருவதில்லை. நிறையப் பேருக்கு ஒன்றுமே ஆகாது. சிலருக்கு ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் உருவாகி, தும்மலும் மூக்கடைப்பும் இழுப்பும் வரும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் மூச்சுக்குழாயின் சளியிலேயே குடியேறிவிடுகிறது. திசுவைத் துளைத்து உள்ளே போகாமல் சளியில் இருந்துகொண்டே நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சீண்டிக்கொண்டிருக்கும். பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகச் சளி வரும், மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து கெட்டுப்போகும். ஏபிபிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நோயைப் பற்றிய முக்கியமான ஆராய்ச்சிகள் பல சண்டிகரில் உள்ள பிஜிஐ மருத்துவமனையிலிருந்து வந்தவை. எக்ஸ்ரேயில் நிழல் தெரிவதால் நம் நாட்டில் இதைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்துவிடுவதும் நடக்கிறது. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி கிடைக்காமல், இழுப்பும் நிற்காமல் இருந்தால் மருத்துவரிடம் ஐஜிஇ பரிசோதனை பற்றிக் கேட்பதில் தப்பே இல்லை.

மூன்றாவது வகைதான் ஜப்பானியக் கோடை நோய் சேர்ந்த வகை. இதில் தாக்கப்படுவது மூச்சுக்குழாயைவிட ஆழத்தில் உள்ள சிற்றறைகள். தொடர்ந்து உள்ளே வரும் பூஞ்சைத் துகள்களை எதிர்க்க வெள்ளணுக்கள் அங்கே திரண்டு, நுரையீரல் திசுவையே அழற்சிக்குள்ளாக்குகின்றன. ஆரம்பத்தில் இடத்தை மாற்றினாலே சரியாகிவிடும். வருடக்கணக்கில் நீடித்தால் திசு தழும்பாக இறுகிவிடுகிறது. இறுகிய பகுதி திரும்ப இளகாது. இந்தியாவில் 19 நகரங்களைச் சேர்ந்த 1,084 நோயாளிகளை வைத்து நுரையீரல் திசு நோய்களை ஆராய்ந்து 2017-ல் ஓர் அறிக்கை வெளியானது. அதில் 47.3 சதவீதம் பேருக்கு இந்த வகை நோய்தான் இருந்தது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். கூலரின் பக்கவாட்டில் எப்போதும் நனைந்தே இருக்கும் நார்ப் பட்டையை நினைத்துப் பாருங்கள். அதில் பூஞ்சை பிடித்தால், விசிறி அதை நேராகத் தூங்குகிறவர் முகத்தில் அடிக்கும். கூலரை விற்கிற யாரும் இதைச் சொல்வதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

இனி வில்லங்கமான பகுதி. தீராத சோர்வு, மூளை மந்தம், மூட்டு வலி எல்லாவற்றையும் பூஞ்சை நச்சின் கணக்கில் எழுதும் ஒரு பெரிய சந்தை உலகெங்கும் இருக்கிறது. 1990-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக் கசிவு ஏற்பட்டபோது ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூஞ்சைமீது பழி விழுந்தது. 2000-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தரவுகளை மறு ஆய்வு செய்து, அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று அறிவித்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இருமல், இழுப்பு, ஆஸ்துமா, சுவாசத் தொற்று போன்றவற்றுக்குத்தான் வலுவான சான்று இருப்பதாகச் சொல்கிறது. சிறுநீரில் பூஞ்சை நச்சு அளந்து தருகிறோம் என்ற பரிசோதனைகள் நோயைக் கண்டறிவதற்கு உறுதிப்படுத்தப்பட்டவை அல்ல, அதில் பணத்தைக் கொட்ட வேண்டாம். அதற்காகச் சோர்வு பொய் என்று ஆகிவிடாது. ராத்திரியெல்லாம் இருமி, மூக்கடைத்து, அரைகுறையாகத் தூங்குகிறவருக்குப் பகலில் மூளை மந்தமாகத்தான் இருக்கும். அந்த அளவுக்கான விளக்கத்துக்கு எந்த நச்சும் தேவையில்லை.

நோயாளி சொல்வதை நம்பாமல் விடுவதன் விலை என்ன என்பதை இங்கிலாந்தின் ரோச்டேல் நகரம் பார்த்தது. சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பம் அங்கே, குறைந்த வாடகைக்கு விடப்படும் சமூக வீட்டுவசதிக் குடியிருப்பில் இருந்தது. குளியலறையிலும் சமையலறையிலும் பூஞ்சை. 2017-லேயே தந்தை புகார் செய்தார், குடியிருப்பை நடத்தியவர்கள் மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். குடும்பத்தின் குளிக்கும் பழக்கத்தின் மீதும் பழி போட்டார்கள். குளிர்நாட்டுக் கணக்கு எளிது: 20 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில், வெளிச்சுவரின் மூலை 15 டிகிரிக்கு இறங்கினால் அங்கே 80 சதவீதம் தாண்டிவிடும். வெளியேற்றும் விசிறியும் காற்றோட்டமும் சரியில்லாத வீட்டில் யார் குளித்தாலும் சமைத்தாலும் அதுதான் நடக்கும். 2020 டிசம்பரில், இரண்டு வயது நிரம்பிய சில நாட்களில் மகன் அவாப் இஷாக் இறந்தான். வீட்டுப் பூஞ்சையில் நீண்டகாலம் இருந்ததால் வந்த கடுமையான சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அவன் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபரில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. சமூக வீடுகளில் ஆபத்தான ஓதம், பூஞ்சை பற்றிப் புகார் வந்தால் வீட்டு உரிமையாளர் 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும், ஆபத்து உறுதியானால் 5 வேலை நாட்களுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும், உடல்நலத்துக்கு உடனடி ஆபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள்.

பெயின்ட் ஏன் உதவாது என்பது இப்போது புரிந்திருக்கும். பட்டி பார்த்து இரண்டு கோட்டிங் அடித்தாலும் சுவருக்குள் ஈரம் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த மழைக்குள் பூஞ்சை புதுப் பெயின்டையும் தின்று மேலே வரும். பிளீச்சிங் தண்ணீர் டைல்ஸில் நன்றாக வேலை செய்யும், நுண்துளை உள்ள சுவரிலோ மரத்திலோ ஆழத்துக்கு இறங்காது. ஒழுகும் குழாய், மொட்டைமாடி வெடிப்பு, குளியலறைச் சுவரின் கசிவு, எதுவானாலும் அதை அடைத்துவிட்டு, சுவரை முழுதாகக் காயவிட்டு, அப்புறம்தான் பெயின்ட்.

வீட்டுப் பூஞ்சையால் வந்த நோயோடு வாழ்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஊதினால் மூச்சின் வேகத்தைக் காட்டும் சாதாரணக் குழாய், விலை அதிகமில்லை. காலையும் மாலையும் ஊதி, எண்ணையும் அன்று எங்கே தூங்கினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். இரண்டு வாரம் வீட்டில், இரண்டு வாரம் அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ. இரண்டு இடத்துக்கும் எண் தெளிவாக வேறுபட்டால் மருத்துவரிடம் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. பூஞ்சை பிடித்த இடத்தை நோயாளியே சுத்தம் செய்யக் கூடாது, உலர்ந்த துடைப்பத்தால் யாருமே பெருக்கக் கூடாது. வேறொருவர் என்95 மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைக்கட்டும். பூஞ்சை ஏறிய பஞ்சு மெத்தையும் தலையணையும் வெயிலில் போட்டால் சரியாகாது, தூக்கிப் போட வேண்டியதுதான். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் தினமும் ஏழெட்டு மணி நேரம் முகம் புதைக்கும் பொருள் அது. ஸ்டெராய்டு இன்ஹேலரை, கொஞ்சம் தேவலை என்று தோன்றிய உடனே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வாடகை வீடென்றால் பேச்சுவார்த்தை வேறு மாதிரி. ஓதம் வந்த சுவரைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, வீட்டுக்காரருக்கு வாய்வார்த்தையோடு நிற்காமல் எழுத்திலும் அனுப்புங்கள். மருத்துவரிடம் சீட்டில் நோயின் பெயரோடு ‘ஈரமும் பூஞ்சையும் இல்லாத இடத்தில் இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். கசிவை அடைத்த பிறகும் மூன்று மாதம் கழித்து ஒரு தடவை நுரையீரல் திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எண் ஏறாமல் அப்படியே நின்றால், வீட்டில் இன்னும் எங்கோ ஈரம் இருக்கிறதா என்று மறுபடி தேடுங்கள். அந்த எண்ணை மருத்துவரிடமும் காட்டுங்கள்.