அல்பாவும் ஓமெகாவும்: சரியான தமிழ் எது?

ஆட்டுக்குட்டி, குத்துவிளக்கு, வெள்ளைக் குதிரை என்று பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் அடையாளங்கள் நிறைய. அவற்றில் பெரும்பாலானவை கண்ணால் பார்க்கக்கூடியவை. அல்பா, ஓமெகா அப்படியல்ல; இங்கே எழுத்தே அடையாளம்.

அல்பா கிரேக்க நெடுங்கணக்கின், அதாவது எழுத்து வரிசையின், முதல் எழுத்து. ஓமெகா 24ஆவது, கடைசி எழுத்து. அல்பா என்ற பெயர் கிரேக்கத்தில் பிறந்ததன்று. பினீசியரிடமிருந்து எழுத்தை வாங்கியபோது பெயரும் கூடவே வந்தது. அதன் மூலமான 'ஆலெப்' எருதைக் குறிக்கும் சொல். 'ஓமெகா' என்றால் 'பெரிய ஓ'. குறிலுக்கு 'ஒமிக்ரோன்', அதாவது 'சின்ன ஒ'. இந்தப் பெயர்கள் பின்னாளில் வந்தவை. அதனால்தான் வெளிப்படுத்தின விசேஷத்தின் கிரேக்க மூலத்தில் அல்பா பெயராக விரித்து எழுதப்பட்டிருக்க, ஓமெகாவின் இடத்தில் அந்த ஒற்றை எழுத்து மட்டும் நிற்கிறது.

பொருளுக்கு வருவோம். 'நான் முந்தினவரும், நான் பிந்தினவருந்தானே' என்று ஏசாயா 44:6இல் கடவுள் சொல்வதுதான் இதற்கு வேர். வெளிப்படுத்தின விசேஷம் 1:8, 21:6 இரண்டிலும் 'அல்பாவும் ஓமெகாவும் நான்' என்பவர் கடவுள். 22:13இல் அதையே சொல்பவர் சீக்கிரம் வருவதாக வாக்களிக்கும் கிறிஸ்து. கடவுளுக்கே உரிய பெயரைக் கிறிஸ்துவும் தமக்குச் சொல்கிறார்! இந்த அடையாளத்தின் முழுக் கனமும் அங்கேதான் இருக்கிறது. ஈஸ்டர் மெழுகுவர்த்தியில் சிலுவைக்கு மேலும் கீழும் இந்த இரண்டு எழுத்துகளைப் பொறித்து, நடுவில் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களை இடுவதும் இதனால்தான்: இந்த ஆண்டும் அவருடையதே.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கிரேக்கப் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டது. கிரேக்கம் தெரியாதவருக்கு அவை வெறும் ஒலிகள். பக்கத்திலேயே 'ஆதியும் அந்தமும்' என்று வருவதால்தான் பொருள் பிடிபடுகிறது. 'ஆதி, அந்தம்' மட்டும் போதுமா என்றால், போதாது. அவற்றில் எழுத்து இல்லை. முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் இடையில்தான் சொல்லக்கூடிய எல்லாச் சொல்லும் அடங்குகிறது. அந்த எண்ணத்தை எழுத்தால்தான் காட்ட முடியும்.

பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'அகரமும் னகரமும்' என்கிறது. என் மனத்துக்கு இதுவே முழுப் பொருத்தம். 'ஏன் னகரம்? ஃ அல்லவா கடைசி?' என்று சிலர் கேட்பதுண்டு. ஆய்தம் சார்பெழுத்து, நெடுங்கணக்கில் அது உயிருக்கும் மெய்க்கும் நடுவே நிற்பது. முதலெழுத்துகள் முப்பதும் 'அகரமுதல் னகர இறுவாய்' என்று தொல்காப்பியம் தன் முதல் நூற்பாவிலேயே எல்லை கட்டிவிட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. தமிழ் இலக்கணத்தில் இருந்த வழக்கை எடுத்து உரிய இடத்தில் வைத்தார்கள்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கடைசியில் வருவது றன்னகரம், அதாவது 'ன'. 'நகரம்' என்றோ 'ணகரம்' என்றோ எழுதினால் அது நெடுங்கணக்கின் நடுவில் நிற்கும் எழுத்தாகிவிடும். அப்புறம் அடையாளத்துக்கே பொருள் இருக்காது.