1200 கேட்டால் 1012 வருவது ஏன்?

மொரிஷியஸின் ரோஸ்ஹில்லில் இருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். வாக்குவா நகரின் மழை அளவுகளைப் பைதான் நிரல்மொழியில், மேட்பிளாட்லிப் என்ற வரைபடக் கருவியைக் கொண்டு வரைந்தாராம். கண்காட்சித் திரைக்கு அகலம் 1200, உயரம் 800 பிக்சல் இருக்க வேண்டும். 12-க்கு 8 அங்குலம், டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற அளவு) 100 என்று சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் கோப்பு வந்ததோ 1012-க்கு 718. மிச்சம் எங்கே போயிற்று?

கணக்கில் தவறில்லை. இந்த மென்பொருளுக்குப் படம் என்பது ஒரு தாள். நம் தீவில் நிலத்தை இன்னும் ஆர்ப்பான் என்ற பழைய பிரெஞ்சு அளவின் கணக்கில் பேசுவதுபோல, அதுவும் பழைய அங்குலத்தை விடவில்லை. அங்குலத்தை டிபிஐயால் பெருக்கினால் பிக்சல். கோப்பாகச் சேமிக்கும்போது அந்தப் பெருக்கல் நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். எழுத்தும் கோடும் பாயின்ட் என்ற அளவில் இருக்கின்றன. ஒரு பாயின்ட் என்றால் அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு. 12-க்கு 8 அங்குலத் தாளை 100 டிபிஐயில் சேமித்தாலும், 6-க்கு 4 அங்குலத் தாளை 200 டிபிஐயில் சேமித்தாலும், கிடைப்பது அதே 1200-க்கு 800தான். ஆனால் 10 பாயின்ட் எழுத்து முதல் படத்தில் சுமார் 14 பிக்சல் உயரம், இரண்டாவதில் சுமார் 28. மழைக்கோடும் இருமடங்கு தடித்துவிடும். இரண்டையும் கைப்பேசியில் திறந்து பாருங்கள்: முதலாவதில் மாதப் பெயர்கள் எறும்பு வரிசைபோல இருக்கும், இரண்டாவதில் கண்ணைச் சுருக்காமல் படிக்கலாம். பிக்சல் எண்ணிக்கை ஒன்றுதான், தாள்தான் வேறு!

சரி, காணாமல் போன பிக்சல்கள்? சேமிக்கும் கட்டளையில் அவர் 'டைட்' என்று சேர்த்திருக்கிறார். அது ஓரத்து வெள்ளை இடத்தைக் கத்தரித்து, 0.1 அங்குலம் மட்டும் விட்டுவைக்கும். தாளே சிறுத்துவிட்டால் பெருக்கலும் சிறுத்துத்தானே வரும்? மேட்லேப் என்ற இன்னொரு மென்பொருளில் எக்ஸ்போர்ட்கிராஃபிக்ஸ் கட்டளையும் இப்படித்தான் ஓரத்தை வெட்டும். அங்கே பேப்பர்பொசிஷன் என்ற அமைப்பில் அங்குலங்களைக் கொடுத்து, பிரின்ட் கட்டளையில் டிபிஐயைச் சொல்வது நல்லது.

அப்புறம், '300 டிபிஐ வைத்தால்தான் படம் தெளிவு' என்று பலரும் மந்திரம்போலச் சொல்கிறார்கள். அச்சுக்கு அது நியாயம். திரைக்கு அது வெறும் மூடநம்பிக்கை. திரைக்குத் தேவை பிக்சல்தான். போதாக்குறைக்கு 300-ஆல் 1000-ஐ வகுத்தால் 3.333 என்று நீளும். 3.33 என்று நிறுத்திவிட்டால் 999 பிக்சல்தான் கிடைக்கும். 100, 200 என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

மேட்பிளாட்லிப்பைத் தொடங்கியவர் ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்ப்பதற்காக எழுதி, 2003-ல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2012-ல் மறைந்தார். மொரிஷியஸ் போன்ற சிறு நாட்டில் ஒரு மாணவி உரிமக் கட்டணம் கட்டாமல் மழையை வரைய முடிகிறது என்றால் அவரைப் போன்றவர்களால்தான். ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் இத்தகைய கருவிகளைப் பராமரிப்போருக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாணவிக்குச் சொல்வது இதுதான்: தாள் 6-க்கு 4, டிபிஐ 200. 'டைட்'டை எடுத்துவிடுங்கள். தலைப்போ மாதப் பெயரோ ஓரத்தில் வெட்டுப்பட்டால், படத்தை உருவாக்கும் வரியில் லேஅவுட்டுக்கு 'கான்ஸ்ட்ரெயின்ட்' என்று கொடுங்கள். அது தாளைத் தொடாது. வரைபடத்தை மட்டும் உள்ளே சற்றுச் சுருக்கி எழுத்துகளுக்கு இடம் விடும்.