சொல் விளக்கம்: காலிப்பர்

விலையுயர்ந்த வேகக் கார் ஒன்றின் முன்சக்கரத்தை எட்டிப் பார்த்தால், அலாய் வீலின் கம்பிகளுக்குப் பின்னால் சிவப்பிலோ மஞ்சளிலோ கனத்த உலோகக் கட்டை ஒன்று தெரியும். அதுதான் காலிப்பர். மெக்கானிக் முதல் உதிரிபாகக் கடைக்காரர் வரை எல்லோரும் இந்தச் சொல்லைத்தான் புழங்குகிறார்கள். சிலர் வாயில் அது 'கேலிப்பர்'. சொல்லின் வேரைத் தேடிப் போனால், பிரேக்குக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் போய் நிற்போம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சேர்ந்து ஒரு வட்டத் தகடு சுற்றுகிறது. அந்த டிஸ்க்கை உள்பக்கமும் வெளிப்பக்கமுமாக இரண்டு பேட்கள், அதாவது உராய்வுக் கட்டைகள், அழுத்திப் பிடித்தால் கார் நிற்கும். பேட்களைத் தாங்கிக்கொண்டு, பெடலிலிருந்து வரும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தைப் பிஸ்டன் வழியாக அவற்றின்மேல் செலுத்தும் கூடுதான் காலிப்பர். சாதாரணக் கார்களில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். அது உள்பக்கப் பேட்டைத் தள்ளும்போது, எதிர்விசையில் கூடு முழுவதும் இரண்டு பின்களின்மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பக்கப் பேட்டையும் இழுத்து அழுத்தும். வேகக் கார்களின் முன்சக்கரத்தில் பெரும்பாலும் கூடு அசையாது. டிஸ்க்கின் இருபுறமும் பிஸ்டன்கள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும், 4 அல்லது 6 என்ற கணக்கில். லம்போர்கினி உருஸ் காரின் முன்சக்கரத்துக்கு 10 பிஸ்டன். அது பிடிக்க வேண்டிய கார்பன் செராமிக் டிஸ்க்கின் விட்டம் 440 மி.மீ.

சரி, இதற்கு ஏன் காலிப்பர் என்று பெயர்?

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது. அப்போது அது ஓர் அளவுகருவியின் பெயர். துப்பாக்கிக் குண்டின் விட்டத்தையும் குழாயின் உள்வாயையும் அளக்க, இரண்டு வளைந்த கால்கள் கொண்ட கவராயம் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். துப்பாக்கிக் குழாயின் உள்விட்டத்தைக் குறிக்கும் 'காலிபர்' என்ற சொல்லிலிருந்து கருவிக்குப் பெயர் வந்தது. அந்தக் காலிபர், பிரெஞ்சு வழியாகவும் இத்தாலிய வழியாகவும் பின்னோக்கிப் போனால், அரபியின் 'காலிப்' என்ற சொல்லில் முடிகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. உலோகத்தை உருக்கி ஊற்றும் அச்சு என்று அதற்குப் பொருள். அதற்கும் முன்னே, செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் மரத்தாலான கால் அச்சைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருக்கலாம் என்கிறார்கள். கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் 'மரம்' என்றும் 'கால்' என்றும் இரண்டு பாகங்கள் கிடைக்கும். நம் ஊரில் நெல் அளந்த பாத்திரத்துக்கும் மரக்கால் என்றுதான் பெயர். ஆனால் இது முழுக்கத் தற்செயல். காலிப்பரில் உள்ள 'கால்' நம்முடைய கால் அல்ல. ஒலி ஒத்துப்போவதை வைத்துத் தமிழ் வேர் காட்டினால் அது சொல்லாராய்ச்சி ஆகாது.

அளக்கும் கருவியின் பெயர் பிரேக்குக்கு வந்தது உருவத்தை வைத்துத்தான். சைக்கிள் ரிம்மை இருபுறமும் கவ்வும் பிரேக்கைப் பாருங்கள். ஓர் அச்சில் இரண்டு வளைந்த கைகள், நடுவில் பிடிபடும் ரிம். அளக்கும் காலிப்பரின் அதே வடிவம். கார் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகத்துக்கும் அதே பெயர் நிலைத்தது. இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு மரியாதை கிடைத்தது அரை நூற்றாண்டு கழித்து, 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில். டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் ஜெயித்தது. நேர்ப்பாதையின் முடிவில் மற்ற கார்களைவிடத் தள்ளிப் போய்ப் பிரேக் பிடிக்க அந்தக் காரால் முடிந்தது. மணிக்கணக்கில் ஓடியும் பிரேக் தளரவில்லை.

இனி தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்தில் வெர்னியர் காலிப்பருக்கு 'வெர்னியர் அளவி' என்று பெயர். இலங்கைப் பாடத்தில் 'வேணியர் இடுக்கிமானி'. இரண்டும் அளக்கும் கருவிக்கு நன்றாகப் பொருந்துகின்றன. பிரேக்குக்கு அப்படியே எடுத்துவந்தால் தவறு. பிரேக் காலிப்பர் எதையும் அளப்பதில்லை. 'பிரேக் அளவி' என்று சொன்னால் பேட் தேய்மானம் பார்க்கும் கருவி என்றே கேட்பவர் நினைப்பார். ஆங்கிலச் சொல் ஒன்றாக இருப்பதால் தமிழிலும் ஒன்றே போதும் என்று அகராதி பார்த்து ஒட்டுவதால் வரும் வினை இது. 'இடுக்கிமானி'யில் மானியை நீக்கிவிட்டு 'இடுக்கி' என்று வைக்கலாமே என்றால், அது கொஞ்சம் தேறும். ஆனால் இடுக்கி என்றதும் அடுப்படியில் பாத்திரம் இறக்கும் கருவிதான் பலருக்கு நினைவு வரும். கொல்லர்கள் பழுக்கக் காய்ந்த இரும்பைப் பிடிக்கும் 'பற்றுக்குறடு' அழகான சொல். சூட்டில் வேலை செய்யும் பாகம் என்பதும் அதில் சேர்ந்து வருகிறது. ஆனால் முன்னும் பின்னும் இன்னொரு சொல் சேரும்போது நீண்டு வாய்க்கு இடறும்.

என் தேர்வு 'கவ்வி'. தேவைப்பட்டால் 'தடுப்புக் கவ்வி'. காரணம் இருக்கிறது. தமிழில் நாம் பிரேக்கை எப்போதும் 'பிடிக்கிறோம்'. "பிரேக் பிடிக்கல", "ஒரு பக்கமா பிடிச்சு இழுக்குது" என்றுதான் சர்வீஸுக்கு வண்டியை விடும்போது சொல்கிறோம். பிடிப்பதில் எத்தனையோ வகை உண்டு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நெருங்கி வந்து அழுத்திப் பிடிப்பதற்குத் தமிழில் தனிச்சொல்லே இருக்கிறது, அது கவ்வுதல். கவ்வுவது எதுவோ அது விடவும் வேண்டும் என்பதும் அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது. காலிப்பர் பழுதுபார்ப்பதில் பாதி வேலை, பிடிக்காததால் வருவது அல்ல. பிடித்ததை விடாததால் வருவது.

பெடலிலிருந்து காலை எடுத்ததும் பிஸ்டன் எப்படிப் பின்வாங்குகிறது? டிரம் பிரேக்கில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் உண்டு. காலிப்பர் பிஸ்டனை இழுக்க அப்படி ஒரு ஸ்பிரிங் கிடையாது. அந்த வேலையைச் செய்வது ஒரு ரப்பர் வளையம். பிஸ்டன் ஓடும் துளையின் சுவரில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் சதுர வெட்டுமுகம் கொண்ட சீல் ஒன்றை உட்கார வைத்திருப்பார்கள். பிஸ்டன் முன்னே போகும்போது சீலின் உள்விளிம்பு பிஸ்டனோடு ஒட்டிக்கொண்டு சற்றே வளைந்து முறுகும். அழுத்தம் நீங்கியதும் ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மி.மீட்டரின் சிறு பின்னம் அளவுக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். டிஸ்க்கும் பேட்டும் உரசாமல் பிரிந்து நிற்பது இந்த இம்மி இழுப்பினால்தான். பேட் தேயத் தேயப் பிஸ்டன் சீலின்மேல் வழுக்கி முன்னேறி, புது இடத்தில் நின்றுகொள்ளும். இத்தனையும் ஒரு ரப்பர் வளையம் செய்வதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புதான்.

அந்த ரப்பர் இறுகினால், பிஸ்டன் துருப்பிடித்தால், தூசி மறைக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்தால் கவ்வி விடாது. ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகக் கொதிக்கும். அதில் மட்டும் கருந்தூசி கூடுதலாகப் படிந்திருக்கும். பேட்களைக் கழற்றினால் ஒன்று முழுசாக, ஒன்று தகடு தெரியத் தேய்ந்து இருக்கும். கூடு நகரும் வகையாக இருந்தால் பின்கள் வறண்டுவிட்டனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவற்றைச் சுத்தம் செய்து உரிய கிரீஸ் போட்டாலே சரியாகிவிடும்.

வேகக் கார்களின் அலுமினியக் காலிப்பரில் இன்னொரு வகைப் பழுது உண்டு, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். பேட் சறுக்கி நகரும் இடத்தில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடுகள் பூட்டியிருக்கும். ஈரமும் சாலை உப்பும் சேர்ந்த இடங்களில், தகட்டுக்கு அடியில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பொடி தகட்டை மேலே தூக்கிவிடும். பேட்டுக்கான இடம் சுருங்கி, பேட் அங்கேயே இறுகிப்போகும். பிஸ்டன், சீல் எல்லாம் மாற்றிய பிறகும் வண்டி இழுக்கிறது என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். தகட்டைக் கழற்றி, பொடியைச் சுரண்டி, தகடு உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டினால் போதும். முழுக் காலிப்பரையும் மாற்றச் சொல்பவரிடம், தகட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்பதில் தவறே இல்லை.

பிரேக் ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காலிப்பர் கெடுவது பெரும்பாலும் உள்ளிருந்துதான். பெயர் ஆயில் என்றாலும் அது எண்ணெய் இல்லை. கிளைக்கால் வகைத் திரவம், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230°C இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 155°C தான். மலை இறக்கத்திலும் பந்தயத் தடத்திலும் டிஸ்க்கின் சூடு பல நூறு டிகிரிக்குப் போகும்போது, ஈரமேறிய திரவம் காலிப்பருக்குள்ளேயே கொதித்து ஆவிக்குமிழ் விடும். பெடல் தரையைத் தொடும். ஈரம் பிஸ்டனையும் அரிக்கும். 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். சீலைப் பெட்ரோலிலோ எஞ்சின் ஆயிலிலோ கழுவவே கூடாது, ரப்பர் ஊதிப்போகும்.

ஏர் எடுப்பதிலும், அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதிலும், வேகக் கார்களின் காலிப்பர்களுக்குத் தனி வழி உண்டு. இருபுறமும் பிஸ்டன் உள்ள பலவற்றில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று எனக் காற்றை வெளியேற்றும் இரண்டு நிப்பிள்கள். இரண்டிலும் எடுக்க வேண்டும். நிப்பிள் மேல்பக்கமாக இருக்க வேண்டும்; இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும், எவ்வளவு பெடலை மிதித்தாலும் பஞ்சு மாதிரிதான் இருக்கும். பிஸ்டன் அளவுகளும் பலவற்றில் ஒரே மாதிரி இருக்காது. டிஸ்க் நுழையும் முனையில் சிறியது, வெளியேறும் முனையில் பெரியது, பேட் சாய்வாகத் தேயாமல் இருக்க. ஆகவே இடதை வலதில் பூட்டுவது இரட்டைத் தவறு.

நிறத்துக்கும் பொருள் உண்டு. போர்ஷேயில் மஞ்சள் என்றால் வழக்கமாகக் கார்பன் செராமிக் டிஸ்க், வெள்ளை என்றால் டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க். அழகுக்காகக் கடையில் காலிப்பருக்குப் பெயின்ட் அடிப்பவர்கள், பிஸ்டனின் தூசி மறைக்கும் ரப்பர் உறையின்மேலும் பேட் சறுக்கும் இடத்திலும் பெயின்ட் படாமல் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே படிந்தால் கவ்வியின் வாய் இறுகும்.

'கவ்வி' கூட்டுச்சொற்களுக்கும் ஈடுகொடுக்கிறது. கூடு அசையாதது நிலைக்கவ்வி, வழுக்கி நகர்வது நகர்கவ்வி. மோனோபிளாக் என்பது இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டுச் சேர்க்காமல் ஒரே கட்டையாகச் செய்தது. அதை ஒருகட்டைக் கவ்வி எனலாம். புகாட்டி 2018இல் டைட்டானியம் பொடியைக் கொண்டு முப்பரிமாண அச்சில் எடுத்துக் காட்டிய 8 பிஸ்டன் காலிப்பர் இந்த வகையின் உச்சம். அலுமினியத்தில் 4.9 கிலோ இருந்தது, டைட்டானியத்தில் 2.9 கிலோவாகக் குறைந்தது.

பின்சக்கரத்தில் பார்க்கிங் பிரேக்குக்கான மோட்டாரோடு சேர்ந்து வருவதை மின்கவ்வி என்று சொல்லிப் பார்க்கலாம். அதில் பேட் மாற்றும் முன் காரின் கணினியோடு பேசும் ஸ்கேனரை இணைத்து சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்து, மோட்டாரைப் பின்னுக்கு இழுக்க வைக்க வேண்டும். பழைய பழக்கத்தில் பிஸ்டனை நெம்பி உள்ளே தள்ளினால் உள்ளிருக்கும் திருகு பாழாகிவிடும்.