ஈரோட்டுக்கு என்ன நிறம் தீட்டுவது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஈரோடு மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 391 பேர் வசித்தனர். நீலகிரியில் இது 287, கரூரில் 367, திருப்பூரில் 478, நாமக்கல்லில் 505, சேலத்தில் 665, கோவையில் 731. இந்த ஏழு எண்களும் வரைபடத்தில் நிறங்களாக மாறுவதற்குள் வரைபவர் பல முடிவுகளை எடுத்துவிடுகிறார். பார்ப்பவர் கண்ணுக்கு அந்த முடிவுகள் தெரிவதில்லை என்பதால், அவற்றை அறிந்துகொள்வது மிகவும் அவசியம்.

பிரான்சில் கல்வி நிலையைக் காட்ட 1826-இல் சார்ல் துபேன் கறுப்பின் அடர்த்தியை ஏற்றி இறக்கி வரைந்த வரைபடமே, எண்களுக்கேற்ப நிறம் தீட்டும் இவ்வகை வரைபடங்களின் முன்னோடி. இன்று ‘ஆர்’ என்னும் இலவசப் புள்ளியியல் மென்பொருளில் சில வரிக் கட்டளைகளால் இத்தகைய வரைபடத்தை வரைந்துவிடலாம். மாவட்ட எல்லைகளைக் கொண்ட கோப்பு ஒன்றும், எண்களைக் கொண்ட அட்டவணை ஒன்றும் போதும். இரண்டையும் பொதுவான ஒரு பத்தியை (நெடுவரிசையை) கொண்டு மென்பொருள் இணைக்கிறது. அந்தப் பத்தி ஊர்ப்பெயராக இருந்தால், ஒரு கோப்பில் ‘கோவை’ என்றும் மற்றதில் ‘கோயம்புத்தூர்’ என்றும் இருக்கும்போது அந்த மாவட்டம் நிறமின்றி வெறுமையாக நின்றுவிடும். கணக்கெடுப்புத் துறை தரும் மாவட்டக் குறியீட்டு எண்ணால் இணைப்பதே பாதுகாப்பானது.

பரப்பளவை நாமே கணக்கிட வேண்டியிருந்தால், இந்தக் கொங்கு நாட்டு மாவட்டங்களில் சிக்கல் ஒன்று உண்டு. உருண்டையான புவியைத் தட்டையாக்கும் யூ.டி.எம். (UTM) முறையில் உலகம் 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றில் 43, 44 ஆகிய மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை, ஈரோடு நகருக்கும் நாமக்கல் நகருக்கும் இடையே செல்கிறது. எல்லா மாவட்டங்களையும் ஒரே மண்டலத்துக்கு மாற்றிய பிறகே அளக்க வேண்டும்.

உண்மையான தீர்ப்பு, எண்களை ஒவ்வொன்றும் ஒரு நிறம் பெறும் வகுப்புகளாகப் பிரிக்கும்போதுதான் நிகழ்கிறது. 287 முதல் 731 வரையுள்ள இடைவெளியை நான்கு சம பாகங்களாக வெட்டினால் நீலகிரி, கரூர், ஈரோடு மூன்றும் ஒரே வெளிர்நிறத்தில் அடங்குகின்றன. 509-க்கும் 620-க்கும் இடைப்பட்ட வகுப்பிலோ ஒரு மாவட்டம்கூட இல்லை. வகுப்புக்கு ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் மாவட்டங்கள் வருமாறு பிரித்தால், வெறும் 24 பேரே வேறுபடும் கரூரும் ஈரோடும் வெவ்வேறு நிறங்களைப் பெறுகின்றன. எண்கள் இயல்பாகவே விலகி நிற்கும் இடங்களில் வெட்டும் ஜென்க்ஸ் முறையில் மூன்று வகுப்புகள் அமைப்பதே இந்தத் தரவுக்குப் பொருந்துகிறது என்பது என் கருத்து: 391 வரை மூன்று மாவட்டங்கள், 478-உம் 505-உம் நடுவில், 665-உம் 731-உம் மேலே.

அப்போதும் ஈரோட்டின் வெளிர்நிறம் முழு உண்மையைச் சொல்வதில்லை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் மட்டும் சுமார் 1,400 சதுர கிலோமீட்டர், அதாவது மாவட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மலைக்கிராமங்கள் சில தவிர மற்ற மக்கள் அனைவரும் எஞ்சிய பரப்பில்தான் வாழ்கிறார்கள். காட்டைக் கழித்துக் கணக்கிட்டால் ஈரோட்டின் அடர்த்தி 500-ஐ ஒட்டி உயர்ந்து, நாமக்கல்லின் நிறத்துக்கு வந்துவிடும். ஆனால் ஈரோட்டுக்கு மட்டும் இதைச் செய்வது முறையன்று. ஆனைமலைக் காடுகளைக் கொண்ட கோவைக்கும் திருப்பூருக்கும், சேர்வராயன் மலையைக் கொண்ட சேலத்துக்கும், பெரும்பகுதி காடாகவே உள்ள நீலகிரிக்கும் அதே கழித்தலைச் செய்து, கழித்த பகுதியைச் சாம்பல் நிறத்தில் தனியே காட்டி, எந்த ஆண்டின் எல்லை, எந்த வகுப்புமுறை என்பதை வரைபடத்தின் அடியிலேயே அச்சிட வேண்டும்.